கறுத்த ஈறுகளை உறையவைத்து வெளுக்கச் செய்யலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்தே என் ஈறுகள் கறுப்புதான், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அம்மாவுக்கும் அப்படியே. அதை நான் பெரிதாக நினைத்ததில்லை. இரண்டு வருடமாக வீடியோவில் பாடம் எடுக்கிறேன். நாள் முழுக்க என் முகத்தையே திரையில் பார்க்க வேண்டியிருக்கிறது. சிரித்தால் மேல் ஈறு நன்றாகத் தெரிகிறது. இப்போது வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகிவிட்டேன். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் கலந்து தேய்த்தால் போகும் என்று எங்கோ பார்த்து ஒரு மாதம் தேய்த்தேன். பல் கூசியதுதான் மிச்சம். பல் மருத்துவரிடம் போனபோது, திரவ நைட்ரஜனை வைத்து உறையவைத்தால் கறுப்பு உரிந்து இளஞ்சிவப்பாகிவிடும், கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம் என்றார். மருவைக் கருக்குவார்களே, அதே திரவமா? பல் ஆட்டம் காணாதா? வலிக்குமா? மறுபடி கறுக்குமா? மேலே மட்டும் செய்தால் போதுமா? இடது கீழ்க் கடைவாய்ப் பல் பக்கம் இரண்டு வருடத்துக்கு முன் புதிதாக வந்த ஒரு நீலக் கறுப்புப் புள்ளியையும் சேர்த்தே செய்துகொள்ளலாமா? எனக்குப் புகைப் பழக்கம் கிடையாது. நீங்களாக இருந்தால் செய்துகொள்வீர்களா?

பதில்:

உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்லலாம். ஒன்றுக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இடது கீழ்க் கடைவாயில் புதிதாக வந்த அந்தப் புள்ளி. "சேர்த்தே செய்துகொள்ளலாமா" என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அது என்னவென்று தெரியும்வரை அதன்மேல் யாரும் எதையும் வைக்கக் கூடாது. திரவ நைட்ரஜன் மட்டுமல்ல, லேசரும்தான்.

பிறவியிலேயே கறுத்த ஈறு இப்படி வராது. அது சிறுவயதிலேயே தென்படும். இடமும் வலமும் ஏறக்குறைய ஒத்திருக்கும். முன்பற்களை ஒட்டிப் பட்டையாகப் படர்ந்து, கடைவாய்ப் பக்கம் போகப் போக வெளுக்கும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மேல் ஈறு இந்த வகைதான். ஆனால் 25 வயதில், ஒரே பக்கத்தில், ஒரே ஒரு புள்ளியாக, பழுப்பாக இல்லாமல் நீலம் கலந்து வருவது வேறு கதை.

பெரும்பாலும் அது கெடுதல் இல்லாத ஒன்றாகத்தான் இருக்கும். அந்தப் பல்லிலோ பக்கத்துப் பல்லிலோ வெள்ளி நிற அடைப்பு இருக்கிறதா, அல்லது முன்பு இருந்து எடுக்கப்பட்டதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த அடைப்பை வைக்கும்போதோ கடைந்து எடுக்கும்போதோ உலோகத் துகள் ஈறுக்குள் புகுந்துவிட்டால், பச்சை குத்தியது போல நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு கறை நின்றுவிடும். துகள் கொஞ்சம் பெரிதாக இருந்தால் சாதாரண பல் எக்ஸ்ரேயிலேயே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். தெரிந்தால் விஷயம் அத்தோடு முடிந்தது, அதை அப்படியே விட்டுவிடலாம். உறையவைத்தாலும் அது போகாது. அங்கே சாகடிப்பதற்கு நிறமிச் செல் இல்லை, கிடப்பது உலோகம். துகள் மிகப் பொடியாக இருந்தால் எக்ஸ்ரேயில் பிடிபடாமலும் போகலாம். அப்போது ஒரு சிறு துணுக்கை வெட்டி பயாப்சிக்கு அனுப்ப வேண்டிவரும். ஈறிலும் மச்சம் வரும். மிக அரிதாக மெலனோமா என்ற புற்றும் வரும். வாய்க்குள் அது அதிகம் வருவது மேலண்ணத்திலும் மேல் ஈறிலும்தான், உங்கள் புள்ளி இருப்பது கீழே. ஆகவே பயப்படச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன். ஆரம்பத்தில் அந்தப் புற்று வலிக்காது. அதனால் "வலி இல்லையே" என்று நம்மை நாமே சமாதானம் செய்துகொள்ளவும் முடியாது.

இதில் உறையவைக்கும் சிகிச்சைக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. கத்தியால் எடுத்தால், எடுத்த சதை கையில் இருக்கும். குப்பியில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். உறையவைத்த இடமோ வெந்தது போல வெளுத்து, சில நாளில் சவ்வாக உரிந்து, வாய் கொப்பளிக்கும்போது போய்விடும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது. மேலே அழகாக வெளுத்திருக்க, அடியில் இருந்தது அடியிலேயே வளர்ந்துகொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்: எதனால் கறுத்தது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த இடத்தில் மட்டுமே இந்தச் சிகிச்சை. ஈறைப் பார்த்த உடனேயே "உறையவைத்துவிடலாம்" என்று சொன்ன மருத்துவர் அந்தப் புள்ளியைப் பார்த்தாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அடுத்த முறை போகும்போது நீங்களே விரலை வைத்துக் காட்டுங்கள்.

சரி, மேல் ஈறுக்கு வருவோம்.

அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, நோயும் இல்லை. ஈறின் மேல்தோலுக்கு அடிவரிசையில் மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை மெலனின் என்ற நிறமியைத் தயாரித்து, பக்கத்தில் இருக்கும் சாதாரண தோல் செல்களுக்குப் பொட்டலம் பொட்டலமாகக் கைமாற்றுகின்றன. வெளுத்த ஈறு உள்ளவருக்கும் கறுத்த ஈறு உள்ளவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவருடைய செல்கள் சோம்பேறிகள், இன்னொருவருடையவை ஓயாமல் உழைப்பவை, அவ்வளவுதான். உழைப்பாளிகள் அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கிறார்கள். நிறமி இருப்பது மேல்தோலின் உள்வரிசையில் என்பதால் எந்தப் பற்பசையும், எந்தப் பொடியும் அதைத் தொடாது. எலுமிச்சையின் அமிலம் பல்லின் எனாமலைத்தான் அரிக்கும். மென்மையான அந்தப் பல்லை அதே கையோடு தேய்ப்பது இன்னும் மோசம். இன்றோடு நிறுத்துங்கள். கூச்சம் குறையவில்லை என்றால் ஃபுளோரைடு சிகிச்சை பற்றிக் கேளுங்கள். எனாமல் போனால் வளராது.

பிறவிக் கறுப்புதானா என்று உறுதி செய்ய நாங்கள் சில விஷயங்களைக் கேட்போம். புகை பிடிப்பவர்களுக்கு, முக்கியமாகக் கீழ் முன்பற்களின் ஈறு கறுக்கும். உங்களுக்கு அது இல்லை. முகப்பருவுக்காக மினோசைக்ளின் என்ற மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் அடியில் உள்ள எலும்பே நிறம் மாறி, ஈறு வழியாகச் சாம்பலாகத் தெரியும். உறையவைப்பதால் அது மாறாது. மலேரியாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கும் குளோரோகுவின் வகை மருந்துகள் மேலண்ணத்தைக் கறுக்க வைக்கும். அட்ரினல் சுரப்பி சரியாக வேலை செய்யாத அடிசன் நோயில் வாய்க்குள் புதிதாகக் கறுப்புத் திட்டுகள் வரும். ஆனால் கூடவே ஓயாத களைப்பு, எடை குறைவு, உள்ளங்கை ரேகைகள் கறுப்பது போன்றவையும் இருக்கும். சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, அம்மாவுக்கும் இருக்கிறது, மாறவில்லை என்ற உங்கள் மூன்று வார்த்தைகளே மேல் ஈறைப் பொறுத்தவரை பாதிப் பரிசோதனை.

இனி உறையவைப்பது. ஆமாம், மருவைக் கருக்கும் அதே திரவ நைட்ரஜன்தான். கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். ஃப்ளாஸ்க் போன்ற கலத்தில், இறுக மூடாமல் வைத்திருப்பார்கள். இறுக மூடினால் வாயு விரிந்து கலமே வெடிக்கும். தோல் மருத்துவர்கள் 1950 வாக்கிலேயே பஞ்சுக்குச்சியில் தோய்த்து மருவின் மேல் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஈறுக்கு வந்தது அதற்கு வெகுநாள் கழித்து. 1987இல் வெளியான ஒரு கட்டுரையில், குளிர்ந்த உலோக முனையை ஈறில் சில நொடிகள் வைத்து நிறத்தை எடுத்ததாக எழுதினார்கள். 1998இல் இன்னொருவர், கருவி எதற்கு, திரவ நைட்ரஜனில் நனைத்த பஞ்சுக்குச்சியே போதும் என்று காட்டினார். கருவி வாங்க வசதியில்லாத மருத்துவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் வம்பும் அங்கேதான் ஆரம்பம். அதை அப்புறம் சொல்கிறேன்.

இந்தச் சிகிச்சை வேலை செய்வதற்குக் காரணம் ஒரு நல்ல தற்செயல். உடம்பில் உள்ள செல்களில் குளிருக்கு மிகவும் பலவீனமானவற்றில் நிறமிச் செல்லும் ஒன்று. மைனஸ் 4 முதல் மைனஸ் 7 டிகிரி வரை போனாலே அது தாக்குப்பிடிக்காது. மேல்தோலின் சாதாரண செல்கள் சாக மைனஸ் 20க்கும் கீழே போக வேண்டும். அடித்தோலில் நார்களை நெய்யும் செல்கள் அதைவிடவும் தாங்கும். நார் வடிவப் புரதமான கொலாஜனுக்குக் குளிரால் கிட்டத்தட்ட ஒன்றும் ஆகாது. வேகமாக உறையும்போது செல்லுக்குள்ளேயே பனி ஊசிகள் உருவாகி அதைக் கிழிக்கின்றன. மெதுவாக இளகும்போது உப்பும் தண்ணீரும் தாறுமாறாகி மீதி வேலை நடக்கிறது. கூடவே அந்த இடத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கொஞ்ச நேரத்தில் அடைத்துக்கொள்கின்றன. வீட்டின் உத்தரமும் தூணும் நிற்க, சுவர்ப் பூச்சு மட்டும் உதிர்வது மாதிரி. அதனால் கத்தி பட்ட இடத்தைவிடத் தழும்பு குறைவு, ரத்தம் இல்லை, தையல் இல்லை, காயத்தை மூடிவைக்கும் பசையும் தேவையில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல வழி.

செய்யும் முறையைச் சொல்கிறேன், நாற்காலியில் உட்காரும்போது திடுக்கிடாமல் இருக்க உதவும். முதலில் பல் சுத்தம் செய்து, ஈறு வீக்கமோ ரத்தக் கசிவோ இருந்தால் அது ஆறும்வரை காத்திருப்பார்கள். வீங்கிய ஈறில் நிறமும் சரியாகத் தெரியாது, ஆழமும் பிடிபடாது. அன்றைக்கு உதட்டை விலக்கிப் பிடித்து, ஈறை நன்றாகத் துடைத்து உலர்த்துவார்கள். ஈரம் இருந்தால் அந்த எச்சில்தான் முதலில் உறையும். மரத்துப்போகும் ஜெல் தடவலாம், தடவாமலும் செய்யலாம். பஞ்சுக்குச்சியை வைத்தவுடன் சுருக்கென்று ஒரு குத்தல், அப்புறம் எரிச்சல் மாதிரி, பிறகு மரத்துவிடும். ஈறு சுண்ணாம்பு போல வெள்ளையாகும். ஒரு இடத்துக்கு 20, 30 நொடி என்று பஞ்சு முறையில் வைப்பதுண்டு. உலோக முனை என்றால் 10 நொடி போலக் குறைவு. எடுத்த சிறிது நேரத்தில் வெள்ளை இளகிச் சிவக்கும். ஆறு முன்பற்களின் பரப்பை இப்படி ஒன்றையொன்று கொஞ்சம் தொட்டபடி முடிக்க அரைமணி கூட ஆகாது. திரவ நைட்ரஜனுக்குப் பதிலாக டெட்ராஃபுளூரோஈத்தேன் என்ற குளிர்விக்கும் வாயுவைப் பஞ்சில் தெளித்துச் செய்வதும் உண்டு. பல்லின் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கப் பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் ஸ்ப்ரேக்கள் சிலவற்றில் இருப்பது அதுதான். அதன் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. நைட்ரஜன் அளவுக்கு மூர்க்கமில்லை, நிறமிச் செல்லுக்கு அதுவே போதுமானது. சேமித்து வைக்கும் தொல்லையும் இல்லை.

கண்ணில் தெறிக்காமல் இருக்கக் கண்ணாடி போடச் சொல்வார்கள், மறுக்காதீர்கள். உதட்டிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் சொட்டினால் அங்கேயும் கொப்புளம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன? அன்றும் மறுநாளும் ஈறு கொஞ்சம் உப்பும், சிவக்கும். வலி என்று பெரும்பாலானவர்கள் சொல்வதில்லை. சூடாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்ட மாதிரி ஒரு உணர்வு என்பார்கள். தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும். பிறகு அந்த இடம் வெளிறிய சவ்வாக மாறும். பார்க்க அசிங்கமாக இருக்கும், சீழ் என்று நினைத்துப் பயந்து நள்ளிரவில் அழைப்பவர்கள் உண்டு. சீழ் இல்லை, செத்த மேல்தோல். பிய்க்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் அதுவே விழும். அடியில் பளபளவென்று மெல்லிய புதுத்தோல் இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் மூடிவிடும், மூன்று நான்கு வாரத்தில் பழைய உறுதிக்கு வரும். அதுவரை சூடு, காரம், கரகரப்பான தின்பண்டம் வேண்டாம். அந்தப் பக்கம் பிரஷ் படாமல், மருத்துவர் கொடுக்கும் கொப்பளிப்பு மருந்தில் சமாளிக்கலாம். உங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: முதல் ஒரு வாரம் சிரிக்கவே தோன்றாது. பாடம் இல்லாத வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல் ஆடுமா என்ற பயம் வேண்டாம். பல்லைப் பிடித்து நிறுத்துவது எலும்பும் அதற்கும் வேருக்கும் நடுவில் உள்ள நார்களும். சில நொடிக் குளிர் அவ்வளவு ஆழம் போகாது. நான் பயப்படுவது வேறொன்றுக்கு: ஈறின் விளிம்பு விலகி வேர் வெளியே தெரிந்துவிடுவதற்கு.

பஞ்சுக்குச்சியின் வம்பு என்றேனே, அது இதுதான். எவ்வளவு அழுத்துகிறோம், பஞ்சில் எவ்வளவு திரவம் இருந்தது, கலத்திலிருந்து வாய்க்கு வருவதற்குள் எவ்வளவு ஆவியானது, எல்லாமே கையின் பழக்கம். கடிகாரம் 20 நொடி என்று சொல்லும். உள்ளே எத்தனை மில்லிமீட்டர் உறைந்தது என்று எதுவும் சொல்லாது. ஈறின் மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மொத்த ஈறே சிலருக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. என் ஆரம்ப வருடங்களில் ஒரு இளைஞருக்குக் கோரைப் பல்லின் மேல் நிறம் போகவில்லையே என்று மூன்றாவது முறையும் வைத்தேன். அந்த இடத்தில் வேர் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், ஈறு காகிதம் மாதிரி. நிறம் போனது. கூடவே ஈறின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் போல ஏறி, வேர் எட்டிப் பார்த்தது. அவர் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார், நான் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து, ஈறின் ஓரத்தில் மெல்லிய கருவியை நுழைத்துப் பார்த்து, கருவியின் நிழல் வெளியே தெரிந்தால் அங்கே உறையவைப்பதில்லை. உங்களுக்கும் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அரை நிமிட வேலை.

மறுபடி கறுக்குமா? கறுக்கலாம். இதை நேரடியாகச் சொல்லாத மருத்துவரிடம் செய்துகொள்ள வேண்டாம். நாம் சாகடித்தது அந்த இடத்து நிறமிச் செல்களை மட்டுமே. ஓரத்தில், பல்லிடுக்கில், உதட்டின் உட்பக்கம் இருப்பவை உயிரோடு இருக்கின்றன. புதுத்தோல் வளரும்போது அவை மெல்ல நகர்ந்து வந்து வேலையைத் தொடங்கும். சிலருக்குச் சில மாதங்களில் புள்ளி புள்ளியாக, சிலருக்கு வருடங்கள் கழித்து, சிலருக்குக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வராமலே போகும். முதலில் வருவது பெரும்பாலும் இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள முக்கோணச் சதையில்தான். அங்கே பஞ்சு சரியாகப் படிவதில்லை. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் உறையவைக்கும் முறையில் நிறம் திரும்புவது குறைவு என்று தென்பட்டிருக்கிறது. ஆனால் அவற்றில் பல சிறு கூட்டத்தினரை வைத்துச் செய்தவை, கண்காணித்த காலமும் குறைவு. "நிரந்தரம்" என்ற சொல்லை அதிலிருந்து எடுக்க முடியாது. ஒன்று மட்டும் ஆறுதல்: திரும்பினாலும் பழைய அடர்த்திக்கு ஒரேயடியாக வருவதில்லை, வந்த இடத்தை மட்டும் மறுபடி தொட்டால் போதும். புகைப் பழக்கம் இருப்பவர்களுக்குத் திரும்புவது வேகம். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

லேசரா, கத்தியா, குளிரா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி. கத்தியால் மேல்தோலைச் சீவுவது பழைய முறை. ரத்தம் வரும், ஊசி போட வேண்டும், சில நாள் எரியும். பதிலுக்கு, எவ்வளவு எடுக்கிறோம் என்பது கண்ணெதிரே தெரியும், எடுத்ததை ஆய்வுக்கும் அனுப்பலாம். லேசரில் ரத்தம் குறைவு, இடுக்குகளிலும் போகலாம். செலவு கூடும், எலும்புக்குச் சூடு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வைரத் துகள் பதித்த பர் என்ற சுழலும் முனையால் தேய்த்து எடுப்பதும் இருக்கிறது. ஒரு காலத்தில் ஃபீனால் என்ற ரசாயனத்தைத் தடவி எரித்தார்கள். யாராவது இன்னும் அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். என் கை எதற்குப் பழகியதோ அதுதான் எனக்குச் சிறந்த முறை, உங்கள் மருத்துவருக்கும் அப்படியே. ஆகவே முறையின் பெயரைவிட, அவர் அதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், ஒரு வருடம் கழித்து எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். செய்து முடித்த மறுமாதப் படங்கள் எல்லோரிடமும் இருக்கும்.

குளிர் யாருக்கு ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிர் பட்டால் தடிப்பு தடிப்பாக எழும்புகிறவர்கள், குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாகும் ரேனாட் தொல்லை உள்ளவர்கள், குளிரில் ரத்தப் புரதம் திரளும் அபூர்வ நோய் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் அது கட்டுக்குள் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். கர்ப்பமாக இருந்தால் தள்ளிப்போடலாம். இது அவசர வேலை இல்லையே.

மேலே மட்டும் போதுமா என்றால், சிரிக்கும்போது தெரியும் பகுதி மட்டும் போதும். கண்ணாடி முன் வாய்விட்டுச் சிரித்து, கடைசியாக எந்தப் பல்லின் ஈறு தெரிகிறது என்று பாருங்கள். அதற்கு ஒரு பல் தள்ளி நிறுத்தலாம். வெடுக்கென்று ஓரிடத்தில் நிறுத்தினால் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு என்று கோடு போட்ட மாதிரி இருக்கும். அதனால் ஓரத்தில் கொஞ்சம் லேசாகத் தொட்டு மங்கவைக்க வேண்டும். கீழ் ஈறு பேசும்போது பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதே இல்லை. தேவையில்லாத இடத்தில் தோலை உரிப்பானேன்?

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சிரித்தால் ஈறு நிறையத் தெரிகிறது என்கிறீர்கள். நிறம் மாறுவதால் ஈறின் அளவு மாறாது. கறுத்திருக்கும்போது பல்லைப் பார்த்த கண், பளிச்சென்று இளஞ்சிவப்பானபின் ஈறைப் பார்க்கத் தொடங்கியதாக என்னிடம் குறைபட்டுக்கொண்டவர்கள் ஓரிருவர் உண்டு. உங்களை உறுத்துவது நிறமா, தெரியும் அளவா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அளவுதான் என்றால் அதற்கு வேறு சிகிச்சை, வேறு பேச்சு. ஒரு சுலபமான சோதனை: உங்கள் சிரித்த படம் ஒன்றை ஃபோனில் எடுத்து, ஈறை மட்டும் இளஞ்சிவப்பாக நிறம் மாற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் பாருங்கள்.

செய்வது என்று முடிவெடுத்தால், முழு ஈறையும் ஒரே நாளில் செய்யச் சொல்லாதீர்கள். பக்கவாட்டில், சிரித்தாலும் சுலபமாகத் தெரியாத ஒரு பல்லின் ஈறில் மட்டும் வைத்துவிட்டு ஒரு மாதம் பார்க்கலாம். உங்கள் ஈறு எவ்வளவு ஆழத்துக்குக் கறுத்திருக்கிறது, எப்படி ஆறுகிறது, ஆறியபின் என்ன நிறத்தில் நிற்கிறது என்று மூன்றும் அதில் தெரிந்துவிடும். தொடங்கும் முன், ஒரே வெளிச்சத்தில், உதட்டை விலக்கிப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். டம்மெட், குப்தா என்ற இருவர் பெயரில் ஒரு நிற அளவுகோல் இருக்கிறது: இளஞ்சிவப்புக்குச் சுழியம், லேசான பழுப்புக்கு 1, பழுப்புக்கு 2, அடர் பழுப்புக்கோ கருநீலத்துக்கோ 3. முன்னும் பின்னும் அந்த எண்ணைக் குறித்துவைத்தால், "பழையபடி ஆகிவிட்டதோ" என்று வருடம் கழித்து மனசு சஞ்சலப்படும்போது படமே பதில் சொல்லும்.

நீங்களாக இருந்தால் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஈறும் கறுப்புதான், உங்களுடையதைவிட அடர்த்தியாகக்கூட இருக்கலாம். நான் செய்துகொள்ளவில்லை. பல வருடம் பலருக்குச் செய்தும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நாள் முழுக்க என் முகத்தை நானே திரையில் பார்த்துக்கொண்டு பேச வேண்டிய வேலை எனக்கு இல்லை. அதனால் என் பதிலை உங்கள் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செய்துகொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடி திரும்பி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் செய்தது தப்பு என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

எப்படியும் முதல் வேலை இடது கீழ்க் கடைவாய்தான். இந்த வாரமே ஒரு எக்ஸ்ரே எடுங்கள். அந்தப் புள்ளியின் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயில் துகள் தெரிந்தால் மேல் ஈறைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம். தெரியவில்லை என்றால், துணுக்கு எடுத்துப் பார்த்த முடிவு கைக்கு வந்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.